வைத்தியலிங்கத்தின் வெகுளி

பழைய நூல்களில் வெகுளி என்றால் கோபம். இன்றைய பேச்சில் வெகுளி என்றால் சூதுவாது தெரியாதவர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, கோபத்தை வெல்வதற்கென்றே மலையடிவார மடத்தில் சேர்ந்த வைத்தியலிங்கம் இரண்டு பொருளிலும் வெகுளி.

மடத்து நாய் சோறு தின்றுகொண்டிருந்தது. இலை கோணலாகக் கிடந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. குனிந்து நேராக்கினார். நாய் கன்னத்தைக் கவ்விவிட்டது.

அடுப்படிக்கு ஓடினார். ஒரு கையால் காப்பிப்பொடியை அள்ளிக் காயத்தில் அப்பினார். மறு கையால் விறகுக் கட்டையை எடுத்தார்.

"கொல்லாமல் விடமாட்டேன்!"

வாசலை மறித்து குரு வடிவம்மை நின்றார். சீடரைவிட வயதில் இளையவர். சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் அவரைக் குழாயடியில் உட்காரவைத்தார்.

"புத்தி இருக்கா வாத்தியாரே? உங்க கன்னம் என்ன காப்பி பில்டரா?"

"ரத்தம் நிற்குமே என்று..."

"வாயை மூடுங்க. சோப்புத் தண்ணி உள்ளே போகும்."

குழாயைத் திறந்துவிட்டுச் சோப்பை நுரைத்துக் கழுவத் தொடங்கினார். கால் மணி நேரம் கழுவினார். கால் மணி நேரமும் திட்டினார்.

"அந்த நாயை நான்..."

"அதைக் கட்டியாச்சு. அடிச்சுக் கொன்னுட்டா, அதுக்கு வெறி இருந்துச்சான்னு அப்புறம் யாரைக் கேட்பீங்க? சில நாள் வெச்சுப் பார்க்கணும். அதுவரைக்கும் உங்க ஊசி காத்திருக்காது. இப்பவே ஆஸ்பத்திரி."

"போனதும் தைத்துவிடுவார்களா? முகத்தில் தழும்பு விழுமே?"

"தழும்பைப் பத்தி உயிரோட இருந்து கவலைப்படலாம். முதல்ல காயத்துக்குள்ளேயே மருந்து போடணும். தையல் அதுக்கப்புறம்தான். மூஞ்சியிலே கடிச்சா விஷம் மூளைக்குப் போற தூரம் கம்மி. மூளைன்னு ஒண்ணு இருக்கிற பட்சத்திலே."

வைத்தியலிங்கத்துக்குக் கன்னத்தைவிடக் காது அதிகம் எரிந்தது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர்கூட அவரை இப்படிப் பேசியதில்லை.

"அம்மா, ஒன்று கேட்கலாமா?"

"தாடையை ஆட்டாம கேளுங்க."

"கோபத்தை விடு, கோபத்தை விடு என்று தினமும் சொல்கிறீர்கள். இப்போது உங்களுக்கு வந்திருப்பதற்கு என்ன பெயர்? சினமா, சீற்றமா, வெகுளியா?"

குரு அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். காயத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த கடைசிப் பொடியை விரல் நுனியால் எடுத்தார். எடுத்தது சீடருக்குத் தெரியவே இல்லை.

பிறகு குழாயை மூடினார்.

"கோபம்தான். இன்னும் தீரலை. ஆனா என் கோபத்தோட கையிலே சோப்பு இருக்கு. உங்க கோபத்தோட கையிலே என்ன இருக்கு, பாருங்க."

வைத்தியலிங்கம் குனிந்து பார்த்தார்.

விறகுக் கட்டை. நன்றாக நனைந்திருந்தது.