குருமூர்த்தி சாரின் பென்டிரைவ்

மறுநாள் தேர்வு. அதற்குள் ஆய்வகத்தின் முப்பது காலிக் கணினிகளிலும் விண்டோஸ் ஏற்ற வேண்டும். துறைத்தலைவர் குருமூர்த்தி தானே தயாரித்துக் கொடுத்த பென்டிரைவைச் செருகினால் ஒரு கணினிகூட பூட் ஆகவில்லை.

"என் ரூம்ல நேத்து ஜம்முனு பூட் ஆச்சு மேடம். இவ மாத்தி வச்சிருக்கா. இன்னிக்கே வேலையை விட்டு அனுப்புங்க," என்றார் அவர் பிரின்சிபாலிடம்.

பிரின்சிபால், ஆய்வக உதவியாளர் கயற்கண்ணியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"சார் ரூம்லயே பாத்துடலாம் மேடம்," என்றாள் அவள். "நான் தொடவே மாட்டேன்."

குருமூர்த்தி தன் கணினியில் பென்டிரைவைச் செருகி, ஆன் செய்தார். திரையில் அவர் மகளின் கல்யாணப் படம் வந்தது.

"பாத்தீங்களா, பூட் ஆயிடுச்சு!"

"அப்போ இது உங்க பென்டிரைவ்தானே சார்? நான் மாத்தலையே?"

"ம்... இதுதான்."

"இப்போ அதை எடுத்துட்டு மறுபடி ஆன் பண்ணுங்க சார்."

எடுத்தார். பென்டிரைவ் இல்லாமலே அதே கல்யாணப் படம் வந்தது.

"நேத்தும் இப்படித்தான் பூட் ஆச்சா?" என்றார் பிரின்சிபால்.

குருமூர்த்தி பென்டிரைவை மேஜைமேல் வைத்தார்.

"சார் கம்ப்யூட்டர் அதுல ஏற்கெனவே இருக்கிற விண்டோஸ்லதான் பூட் ஆகுது மேடம்," என்றாள் கயற்கண்ணி. "பென்டிரைவ்ல விண்டோஸ் ஃபைலை அப்படியே காப்பி பண்ணியிருக்கார். பூட் ஆகிற மாதிரி எழுதணும். அரைமணி நேரம் போதும்."

பிரின்சிபால் பென்டிரைவை அவளிடம் நீட்டினார்.

"நீ எழுதும்மா. சார் தொடவே மாட்டார்."