குழாயில் நின்ற சரக்கு

மருதங்கோட்டை ராஜா சேதுரங்க பூபதிக்கு யானை இருந்தது, குதிரை இருந்தது, படகு மாதிரி ஒரு காரும் இருந்தது. ஆனால் அவர் உயிரையே வைத்திருந்தது சீமையிலிருந்து வந்த புல்வெட்டும் மெஷின் மேல்தான். கயிற்றைச் சுண்டி இழுத்தால் பட்பட்டென்று கிளம்பும். ராஜா தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு அதைத் தள்ளிக்கொண்டு தோட்டம் முழுக்கச் சுற்றுவார்.

அந்தக் குட்டி இன்ஜினுக்குச் சாராயம் மட்டும் ஆகாது. அப்போதுதான் சர்க்கரை ஆலை ஸ்பிரிட்டைக் கலந்த மலிவு பெட்ரோல் ஊருக்குள் வந்திருந்தது. பெரிய கார்கள் அதைக் குடித்துவிட்டு முணுமுணுக்காமல் ஓடின. புல்வெட்டும் மெஷினோ ரப்பர் குழாய் ஊறிப்போய், இருமி இருமி நின்றுவிடும். அதனால் நல்ல பெட்ரோலாகப் பார்த்து இரண்டு படி டின்னில் வாங்கிவரும் வேலை, அரண்மனை விகடகவி பலவேசத்தின் தலையில் விழுந்தது.

அவரும் ஒழுங்காகத்தான் வாங்கிவந்தார். ஆனாலும் ராணியும் தோழிகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் இருமிக்கொண்டு நின்றது. ராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன ஓய் பலவேசம்! நல்ல பெட்ரோல் வாங்கச் சொன்னா சாராயத்தை வாங்கிட்டு வர்றீரே! நாளை சாயந்திரம் என் மாமனார் வர்றார். அவர் முன்னால இது நின்னுதோ, நீர் மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பவேண்டியதுதான்!"

ராஜாக்களைச் சிரிக்கவைப்பதைத் தவிர வேறு தொழில் பலவேசத்துக்குத் தெரியாது. வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் வேறு. நேரே பெட்ரோல் பங்குக்கு ஓடினார்.

"உடையப்பா, எனக்கு என்னத்தை ஊத்தினே?"

"நல்லதைத்தான் சாமி ஊத்தினேன்!" என்றான் பங்க் உடையப்பன். "பூமிக்குள்ள ரெண்டு தொட்டி, மேலே ஒரே குழாய். எந்தப் பக்கம் திருப்புறேனோ அது வரும். ஆனா முன்னாடி வாங்கினவர் சரக்கு ஒரு படி குழாய்லயே நிக்கும். அதுதான் முதல்ல விழும். கார்க்காரங்களுக்கு அது உறைக்காது. உங்க டின்னுல பாதி அதுதானே?"

"எனக்கு முன்னாடி யார் வாங்கினது?"

"எப்பவும் திவான் கார்தான். நீங்க டின்னோட தெருமுனை திரும்பினதும் ஓடி வந்து கலப்புல ஒரு படி வாங்கும்."

பலவேசத்துக்கு விளங்கிவிட்டது. திவான் கஜேந்திர ராவ் காதுக் கடுக்கன் ஆடத் தலையாட்டிப் பேசுவதைப் பலவேசம் சபையில் நடித்துக் காட்டியதற்கு இது பழி! திவானின் சின்ன புத்தியை நினைத்து அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சபைக்குப் போய், "மகாராஜா, கோளாறு குழாயில் இருக்கு. முன்னால வாங்கினவரோட சாராயச் சரக்கு அதுல நின்னு, நம்ம டின்னுல விழுது" என்றார்.

"ஆடத் தெரியாதவள் பேச்சு!" என்று திவான் நக்கலடித்தார். "சாமர்த்தியசாலி அந்தக் குழாயிலேயே நல்லதை வாங்கிக் காட்டட்டுமே. ஆனால் கீழே ஒரு சொட்டு ஊற்றக்கூடாது. பக்கத்திலேயே வைக்கோல் போர். வேறு பாத்திரமும் கொண்டுவரக்கூடாது. என் கார் வழக்கம்போல முன்னால் வாங்கும். நான் அவசரக்காரன்."

ராஜாவுக்குப் போட்டி என்றால் பாயசம். "அப்படியே ஆகட்டும். நாமும் வந்து பார்ப்போம்!" என்றார்.

மறுநாள் காலை பங்கில் தேர்க்கூட்டம். திவான் கார் கலப்பில் ஒரு படி வாங்கிக்கொண்டது. திவான் மீசையை நீவிக்கொண்டு நின்றார். பலவேசம் டின்னைத் தரையில் வைத்துவிட்டு ராஜாவைக் கும்பிட்டார்.

"மகாராஜா, எனக்காகத் திவான் அவர்கள் வெயிலில் வந்து நிற்கிறார். அவர் காருக்கு அரண்மனை சார்பில் இரண்டு படி உயர்ந்த பெட்ரோல் பரிசாகக் கொடுக்கணும்னு ஆசை."

ராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஊரே பார்க்கும்போது கொடுக்க மாட்டேன் என்பாரா? "தாராளமா!" என்றார்.

திவானின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. மருதங்கோட்டையில் ராஜா கொடுத்த பரிசை வேண்டாம் என்றவன் கிடையாது. ஆறிப்போன விருந்தாக இருந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாங்கவேண்டும். திவான் குனிந்து கும்பிட்டார். பல்லைக் கடித்தது பலவேசத்துக்கு மட்டும் கேட்டது.

உடையப்பன் நல்ல பக்கம் திருப்பி, இரண்டு படியைத் திவான் காரில் விட்டான். அடுத்து பலவேசத்தின் டின்னை நிரப்பினான். கீழே ஒரு சொட்டு விழவில்லை.

சாயந்திரம் மெஷின் பட்பட்டென்று கிளம்பியது. ராஜா தோட்டத்தை முழுசாக ஒரு சுற்று சுற்றினார். மாமனார் மரியாதையை மறந்து, "மாப்பிள்ளே, நான் ஒரு தடவை தள்ளட்டுமா?" என்று கெஞ்சினார். பலவேசத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ராஜா வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஓய், குழாயில் நின்ற சாராயம் எங்கே போச்சு?"

"நான் என்ன மகாராஜா செய்வேன்? அது திவான் வாங்கின சரக்கோட மிச்சம். அடுத்தவர் பொருள் நமக்கெதுக்கு? அவர் வண்டியிலேயே சேர்த்துட்டேன்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கும்போது அவருக்கு இன்னொன்று உறைத்தது. "ஏன்யா திவான், தினமும் என் டின்னுக்கு முன்னால உம்ம காருக்கு அங்கே என்ன வேலை?"

திவான் மெல்ல மாமனாருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

ராஜா தம் கைத் தங்கக் காப்பைக் கழற்றிப் பலவேசத்துக்குப் போட்டுவிட்டு, திவான் பக்கம் திரும்பினார்.

"பரவாயில்லை, அந்தப் பழக்கத்தை விட்டுடாதீர். இனி எப்பவும் நம் டின்னுக்கு முன்னால உம்ம கார்தான் நிக்கணும். ஆனா உம்ம காசுல, நல்ல பெட்ரோல்!"