எதிராளி இல்லாத வழக்கு

பெருங்காவூர் எதிர்க்கட்சிக்கு மூளை என்று ஒன்று இருந்தால் அது மாசிலாமணியின் தலைக்குள்தான் இருந்தது. இதை அவர் கட்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். மனுஷன் ஒரு தேர்தலிலும் நின்றதில்லை. நகர்மன்றத்தில் யார் கத்த வேண்டும், யார் எப்போது எழுந்து வெளியே நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து காபி குடிப்பார். அவ்வளவுதான் அவர் வேலை.

அப்பேர்ப்பட்ட ஆள், ஆடி மாதத்து வெயிலில், ஒரு மத்தியானம் தன்னந்தனியாக, ஊருக்கு வெளியே குன்றடியில் இருந்த கரட்டடிக்கு நடந்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தைப் பார்த்தால் நல்ல தூக்கம் தூங்கிப் பல நாளாயிருக்கும் என்று தெரிந்தது.

கரட்டடியில் செண்பகவல்லி இருந்தார். ஒரு காலத்தில் மாவட்ட நீதிபதி. ஒருநாள் காலையில் கோர்ட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்து, தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டால், “தீர்ப்பு சொல்லிச் சொல்லி நாக்கு மரத்துப்போச்சு” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கறக்க முடியாது. ஊர் அவரை இன்னும் ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிட்டது. மாசிலாமணியைவிட வயதில் நன்றாகவே சின்னவர். ஆனாலும் மாசிலாமணி அவரைத் தன் குரு என்று வாய்நிறையச் சொல்வார். கட்சித் தலைவருக்கே சரியாகக் கும்பிடு போடாத கை, இந்தக் கொட்டகைக்குள் வந்தால் தானாகக் குவியும்.

ஜட்ஜம்மா முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“வாங்க ஐயா. உக்காருங்க. ஒரு கொத்தை எடுத்துக்குங்க.”

அங்கே அதுதான் முறை. பேச வந்தவர் யாராயிருந்தாலும் கை சும்மா இருக்கக் கூடாது. மாசிலாமணி உட்கார்ந்து ஒரு கொத்தைக் கையில் எடுத்தார்.

“அம்மா, எனக்கு ஒரு தீர்ப்பு வேணும்.”

“அந்தக் கடையை மூடி வருஷக்கணக்காச்சே.”

“எனக்காக ஒரு தடவை திறங்கம்மா. என் பொண்ணு என்கூடப் பேசமாட்டேங்கறா.”

மேடைக்கு மேடை ஆளை வைத்து முழங்கவைத்த மனுஷனுக்கு, தன் சொந்தச் சங்கதியை அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை, பாவம்.

ஒரே பெண். தமயந்தி. தாய் போனபின் இவரே தலை வாரிப் பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்த பெண். நகராட்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ். குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தாலும் தினமும் மத்தியானம் போன் வந்துவிடும். “சாப்பிட்டீங்களாப்பா?” அந்தப் போன் வந்தபிறகுதான் அவர் தட்டில் கை வைப்பார். பங்குனியோடு அது நின்றுபோனது. இவர் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓயும். அப்படியும் இன்றுவரை மத்தியானமானால் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார். சோறு ஆறிப்போகிறது.

“நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேம்மா. கால்ல ஆணி குத்திடுச்சுன்னு சொல்லி.”

“குத்திச்சா?”

“இல்ல.”

ஜட்ஜம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“ஊசி போடற வரிசையில நின்னேன். என் முறை வந்துச்சு. போட்டா. வலிக்கவே இல்லம்மா, அவ கை அப்படி. பஞ்சை வச்சு அழுத்தினா. ‘அடுத்தவங்க வாங்க’ன்னா. அவ்வளவுதான். அதுவும் எனக்குச் சொன்னதில்ல, எனக்குப் பின்னாடி நின்ன ஆளுக்குச் சொன்னது. அந்தக் குரலையாவது கேட்டோமேன்னு வீட்டுக்கு வந்து அழுதேன்.”

“அவளுக்கு என்ன கோபம்?”

“பிரசவ வார்டு பூட்டிக் கிடக்கறதுக்கு நான்தான் காரணம்னு நினைக்கறா. நானா காரணம்? ஆளுங்கட்சி செஞ்ச அநியாயம் அது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். ஜட்ஜம்மாவே சொல்லிட்டாங்கன்னா அவ நம்பிடுவா.”

“சரி. வழக்கைச் சொல்லுங்க.”

அவ்வளவுதான், மாசிலாமணிக்கு உயிர் வந்தது. முதுகு நிமிர்ந்தது. கீரைக்கொத்தை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்தார்.

“பட்ஜெட் வந்துச்சும்மா. பிரசவ வார்டுக்கு டாக்டர், நர்ஸ் எல்லாரும் ஒப்பந்த ஆளுங்க. வருஷாவருஷம் மன்றத்துல நிதி ஒதுக்கினாத்தான் சம்பளம். அந்தச் சேர்மன் என்ன பண்ணினான் தெரியுமா? வார்டுக்கான நிதியையும், தனக்குப் பங்களா கட்டற நிதியையும் ஒரே தீர்மானத்துல முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தான். பங்களா வேணாம்னு சொன்னா, வார்டு வேணாம்னு சொன்ன மாதிரி. எப்படிக் கண்ணி வச்சிருக்கான் பாருங்க!”

“கெட்டிக்காரர்தான்.”

“நான் விடுவேனா? நம்ம ஆளுங்களை எழுந்து வெளிநடப்பு பண்ணச் சொன்னேன். அவங்க பக்கமும் பாதிப் பேர் கல்யாணம் காதுகுத்துன்னு வரல. தீர்மானம் போட ஆள் போதல. பட்ஜெட் விழுந்துச்சு. நிதி இல்லேன்னு வார்டைப் பூட்டினாங்க. இப்ப சேர்மன் எங்களாலதான் மூடிச்சுங்கறான். நாங்க அவனாலதான்னு சொல்றோம்.”

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு சங்கதி சொல்ல வேண்டும். பெருங்காவூர்ச் சுவர் முழுக்க இரண்டு கட்சியும் போஸ்டர் ஒட்டியிருந்தன. இரண்டிலும் பூட்டிய வார்டுக் கதவின் படம். அதே படம். ஒரே போட்டோக்காரரிடம் வாங்கியது. கீழே திட்டு வாங்குகிற பெயர் மட்டும்தான் வேறு. ஊர்க்காரர்கள் பிரசவ வலி எடுத்த பெண்களை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு, அந்தப் போஸ்டர்களைத் தாண்டித்தான் அடுத்த ஊருக்குப் போனார்கள்.

“இதுல தப்பு யாரு மேலம்மா? பச்சைப்புள்ளைகூடச் சொல்லும்.”

“நல்லா வாதாடினீங்க. இப்ப ஆளுங்கட்சி இல்லாம ஒரு தடவை சொல்லுங்க.”

“என்னது?”

“அந்தச் சேர்மன், அவர் ஆளுங்க, ஒருத்தரும் ஊர்ல இல்லேன்னு வச்சுக்குங்க. அவங்களை எடுத்துட்டு மிச்சத்தைச் சொல்லுங்க.”

“எதிராளி இல்லாம வழக்கு ஏதும்மா?”

“இருக்கான்னு பார்க்கத்தானே கேக்கறேன்.”

இதென்ன விளையாட்டு என்று மாசிலாமணிக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் குரு கேட்டுவிட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“பட்ஜெட் வந்துச்சு. அதுல அந்தச் சேர்மன்…”

“அவர் இல்ல.”

“சரி. பங்களாவுக்கும் வார்டுக்கும் சேர்த்து ஒரு தீர்மானம் வந்துச்சு. அவங்க வேணும்னே…”

“அவங்களும் இல்ல.”

“அட, என்னம்மா நீங்க! அவங்க பேரைச் சொல்லாம நான் எப்படி…” என்று கத்த வந்தவர், ஜட்ஜம்மா நிமிர்ந்து பார்த்ததும் அடங்கிவிட்டார். பேச்சையே தொழிலாக வைத்திருந்த மனுஷனுக்கு அடுத்த வாக்கியம் கிடைக்கவில்லை. கொட்டகைத் தகரம் வெயிலில் சடசடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

பிறகு மெதுவாகச் சொன்னார். “தீர்மானம் வந்துச்சு. நாங்க வெளிநடப்பு பண்ணினோம். உக்காந்து ஓட்டுப் போட்டிருக்கலாம். பங்களாவைப் பத்தி அப்புறம் சண்டை போட்டிருக்கலாம். போடல. வார்டைப் பூட்டினாங்க. நாங்க பூட்டுப் போடற போராட்டம் நடத்தினோம்.”

“பூட்டின கதவுக்கா?”

“ஆமாம்மா. நகராட்சிப் பூட்டுக்குப் பக்கத்துல இன்னொரு பூட்டு. பெருசா. கொடியெல்லாம் கட்டி, மாலை போட்டு, கோஷம் போட்டுப் பூட்டினோம். போராட்டம்னா ஒரு அடையாளம் வேணும்ல?”

“அடையாளத்துக்கு மட்டும்தானா?”

மாசிலாமணி ஒரு காம்பை முழுசாக உருவி முடித்தார்.

“இல்ல. தேர்தல் வருதும்மா. திடீர்னு ஒருநாள் வார்டைத் திறந்துவிட்டு நல்ல பேரை அள்ளிட்டுப் போயிடுவாங்க. அதுக்குத்தான் நம்ம பூட்டு. நாம சொல்றப்ப, நாம திறக்கற மாதிரி இருக்கணும். அதுவரைக்கும் பூட்டிக் கிடந்தா, ஊர் அவங்களைத் திட்டும்.”

“இது யார் யோசனை?”

“கட்சி யோசனை.”

“சரி. இப்ப கட்சியையும் எடுத்துட்டுச் சொல்லுங்க.”

மாசிலாமணியின் கை நின்றுவிட்டது. அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

“அதையும் எடுத்துட்டா எங்கிட்ட என்னம்மா இருக்கு?”

“பொண்ணு இருக்காளே.”

அந்த வார்த்தை அவரை என்னவோ செய்துவிட்டது. உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். ஜட்ஜம்மா அவசரப்படுத்தவில்லை. தன் பாட்டுக்குக் கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“பங்குனியில ஒரு சாயங்காலம்” என்று ஆரம்பித்தார். “ஒரு பொண்ணு வந்துச்சு. செங்கல் சூளையில வேலை பாக்கற பொண்ணு. தலைப்பிரசவம். அடுத்த ஊருக்குக் கொண்டுபோக நேரமில்ல, வலி முத்திடுச்சு. வாட்ச்மேன் மனசு கேக்காம நகராட்சிப் பூட்டைத் திறந்துட்டான். டாக்டருக்குச் சம்பளம் கிடையாது, இருந்தும் ஓடி வந்துட்டாரு. தமயந்தியும் ஓடி வந்துட்டா. எல்லாம் தயார். அந்த இன்னொரு பூட்டுதான் தொங்கிச்சு.”

“சாவி?”

“எங்கிட்ட.”

அவர் குனிந்துகொண்டார். முறத்தைப் பார்த்தே பேசினார்.

“போன் பண்ணினா. எப்பவும் மத்தியானம்தான் பண்ணுவா, அன்னைக்குச் சாயங்காலம் பண்ணினா. ‘அப்பா, சாவியைக் குடுத்து அனுப்புங்கப்பா. அந்தப் பொண்ணு வராந்தாவுல கிடக்குதுப்பா’ன்னா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

மாசிலாமணி முறத்தில் கிடந்த இலைகளை விரலால் ஒதுக்கினார்.

“‘படம் எடுத்தியாம்மா?’ன்னு கேட்டேன்.”

ஜட்ஜம்மாவின் கையும் நின்றது.

“சத்தியமா கெட்ட எண்ணத்துல கேக்கலம்மா. சாவியை அனுப்பாம இருப்பேன்னு நினைக்காதீங்க, அனுப்பியிருப்பேன். ஆனா வாயில முதல்ல அதுதான் வந்துச்சு. பூட்டின கதவு, வாசல்ல கர்ப்பிணி, இதைவிட என்ன வேணும்னு புத்தி அப்படித்தாம்மா போச்சு. பழகின புத்தி. அவ ஒண்ணும் பேசல. போன் மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு. பின்னாடி அந்தப் பொண்ணு கத்தற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் வச்சுட்டா. நான் செருப்பை மாட்டிக் கிளம்பறதுக்குள்ள ஒரு பத்திரிகைக்காரன் கூப்பிட்டான். அவன்கிட்டப் பேசினேன். அதுல கொஞ்ச நேரம் போயிடுச்சு.”

“அங்க?”

“எங்கேயோ போய்க் கடப்பாரை வாங்கிட்டு வந்து உடைச்சாங்க. அதுக்குள்ள… தாய் பிழைச்சுட்டா. குழந்தை தங்கல.”

மாசிலாமணியின் கண்ணீர் கீரையின் மேல் விழுந்தது. அதை அவர் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

“மறுநாள் என்ன செஞ்சீங்க?” என்று ஜட்ஜம்மா கேட்டார்.

“பூட்டை உடைச்சது ஆளுங்கட்சி ரவுடிங்கன்னு அறிக்கை விட்டோம். அவங்களும் குழந்தை செத்தது எங்க பூட்டாலன்னு அறிக்கை விட்டு, வாட்ச்மேனை மாத்திட்டு, அவங்க பூட்டைத் திரும்பப் போட்டாங்க. நாங்களும் புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டோம்.”

“இப்பவும் தொங்குதா?”

“தொங்குது.”

“அதோட சாவி?”

“எங்கிட்டதாம்மா இருக்கு.”

வெயில் தணிந்து கொட்டகைக்குள் காற்று வர ஆரம்பித்தது. ஜட்ஜம்மா காம்புகளை ஒதுக்கிவிட்டு, உருவிய கீரையை முறத்தில் பரப்பினார். மாசிலாமணி கையெடுத்துக் கும்பிட்டார்.

“அம்மா, தீர்ப்பெல்லாம் வேணாம். யார் மேல தப்புன்னு இனி நான் கேக்கல. எனக்கு அவ வேணும். அவ குரல் வேணும். ‘சாப்பிட்டீங்களாப்பா’ன்னு ஒரு தடவை கேட்டான்னா போதும், அப்படியே கண்ணை மூடிடுவேன். எத்தனை நாளா போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன் தெரியுமா? எப்பம்மா பேசுவா? இன்னும் எவ்வளவு நாள் நான் காத்திருக்கணும்?”

ஜட்ஜம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

“அவ பேசிட்டா ஐயா, பங்குனியிலேயே. அவ கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லாம இருக்கறது நீங்கதான்.”