மலைப்பாம்புக் குட்டிக்கு விருந்து

மலையடிவாரத்து மடம் ஒன்றில் பந்தி விசாரிக்கிற வேலை அம்பலவாணருக்கு. அவரிடம் மாட்டிக்கொண்டவர் லேசில் எழுந்துவிட முடியாது. போதும் என்று இலையின் மேல் கையை விரித்து மறித்தால், விரலிடுக்கு வழியாகப் பாயசம் இறங்கும். அப்படி ஒரு மனசு.

மடத்துக் குரு மங்கையம்மை அவரைவிட இருபது வயது இளையவர். அதனால் சீடரை ஐயா என்றுதான் கூப்பிடுவார்.

அந்த மழைக்காலத்தில் ஓடை பெருகி, ஒரு மலைப்பாம்புக் குட்டியை மடத்து வாசலில் கொண்டுவந்து போட்டது. பிள்ளைகுட்டி இல்லாத அம்பலவாணர் அதன்மேல் உயிரையே வைத்துவிட்டார். சைவ மடத்தில் எலி பிடிப்பதா என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். பாம்புக்குத் தயிர்சாதமா பிசைந்து போட முடியும்?

ஒருநாள் அவர் கலங்கிய கண்ணோடு குருவின் முன் வந்து நின்றார்.

“தாயே, தின்னதையெல்லாம் கக்கிடுது. எலும்பும் தோலுமாப் போச்சு. இன்னொரு தடவை கக்கினா பிழைக்காது. அன்பாக் கொடுக்கறதை ஏன் வெளியே தள்ளுது?”

“என்ன கொடுத்தீங்க?”

“நல்ல கொழுத்த எலியாப் பார்த்துத்தான்.”

“கக்கின பிறகு?”

“வயிறு காலியாச்சே. உடனே இன்னொண்ணு.”

“தின்ன பிறகு?”

“மடியில போட்டு வயித்தைத் தடவிக் கொடுப்பேன்.”

“எங்கே படுக்குது?”

“கல்மண்டபத்துல. விசாலமான இடம், குளுகுளுன்னு இருக்கும்.”

குரு ஒரு மண்பானையில் சருகு பரப்பி, குட்டியை உள்ளே விட்டார். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்தார். ஓட்டை போட்ட மூடியால் மூடி, அடுப்படிச் சுவருக்கு மறுபக்கம், இளஞ்சூடு இருக்கிற மூலையில் பானையை வைத்தார்.

“நான் சொல்ற வரைக்கும் இரை கிடையாது. தொடவும் கூடாது.”

பௌர்ணமி போய் அமாவாசை வந்தது. அம்பலவாணர் தவித்துப்போனார். பட்டினி போட்டே கொன்றுவிடுவார் போலிருக்கிறதே என்று குருவை மனசுக்குள் திட்டவும் செய்தார்.

பிறகு ஒருநாள் குரு ஒரு சுண்டெலியைப் பானைக்குள் போட்டார். குட்டியின் உடம்பைவிட மெலிந்த எலி.

“இவ்வளவுதானா தாயே?”

“இவ்வளவுதான்.”

“பக்கத்துல இருக்கவாவது செய்யலாமா?”

“பானைக்கு முதுகைக் காட்டி உட்காருங்க.”

உட்கார்ந்தார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார், அதற்கு மறுநாளும். சும்மா இராத கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். உள்ளே சருகு அசைந்தால் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஒரு காலையில் குரு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டார். சருகின்மேல் எச்சம் கிடந்தது. எலி செரித்துவிட்டது. குட்டி நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சுருண்டுகொண்டது. பாம்பின் எச்சத்தைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவருக்கு மனசு சுருக்கென்றது.

“இத்தனை நாளும் அதுக்கு நான் ஒண்ணுமே செய்யலையே தாயே. என் அன்பைக் கொடுக்கவே இல்லையே.”

“கொடுத்தீங்க ஐயா,” என்றார் குரு. “இந்தத் தடவைதான் அது கக்கலை.”