எஃகு வாட்ச்சின் விளிம்பு

"இரும்புக்கா இவ்வளவு விலை?" என்று கேட்டார் துரைக்கண்ணு. "அதுவும் பாதி மங்கல், பாதி பளபளப்பு. முழுசாத் தேய்ச்சு முடிக்க அவங்களுக்குச் சோம்பேறித்தனமா, டீச்சர்?"

ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு வயது. துரைக்கண்ணுவுக்கு ஐம்பத்தேழு. முப்பது வருடம் வெள்ளிப் பாத்திரங்களுக்கு மெருகு போட்டவர், முதலாளி சொன்ன ஒரு வார்த்தை பொறுக்காமல் வெளியே வந்தார். மண்ணடியில் ஜெசிந்தாவின் வாட்ச் பட்டறையில் சேர்ந்தார். தன்னைவிடச் சின்னவளிடம் தொழில் கற்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சலில்தான் முதல் நாள் "டீச்சர்" என்று கூப்பிட்டார். அவள் சிரித்தாள். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

அவர் குறை சொன்ன அந்த எஃகு வாட்ச்சை அவள் விளக்கின் கீழே சாய்த்துக் காட்டினாள். மேல்பக்கம் முழுவதும் ஒரே திசையில் மெல்லிய கோடுகள். ஓரத்தில் மட்டும் நூலளவு கண்ணாடி மினுக்கம். இரண்டும் சேரும் இடம் மடித்த காகிதம்போலக் கூர்மையாக இருந்தது.

"இரும்புக்கு இல்லண்ணே. இந்த விளிம்புக்கு."

"ம்" என்றார். ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் அதே வகை வாட்ச் ஒன்று வந்தது. கப்பலில் இன்ஜினீயராக இருந்த செய்யது மரைக்காயருடையது. உள்ளே தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை மட்டும் மாற்ற வேண்டும். நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெசிந்தா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் துரைக்கண்ணு அதன் பட்டையைக் கழற்றினார். கருவி வழுக்கியது. பட்டை மாட்டும் முனையில் ஒரு கீறல். அரிசி நீளம்தான்.

பாலிஷ் சக்கரத்தைப் போட்டார். கீறல் போய்விட்டது. ஆனால் அந்த முனை மட்டும் தனியாக மினுங்கியது. மற்ற மூன்று முனைகளையும் தேய்த்தார். இப்போது மேல்பக்கம் அழுக்காகத் தெரிந்தது. அதையும் தேய்த்தார். கடைசியில் வாட்ச் புது எவர்சில்வர் டம்ளர்போல இருந்தது.

ஜெசிந்தா திரும்பி வந்து அதைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினாள்.

"என்னண்ணே இது?"

"வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு, டீச்சர்."

அவள் தன் போனை எடுத்தாள். பட்டறைக்கு வரும் எந்த வாட்ச்சையும் ஆறு பக்கமும் படம் எடுத்துவைப்பது அங்கே வழக்கம். காலையில் இதைப் படம் எடுத்தவர் துரைக்கண்ணுதான். அவள் பார்த்தாள். அவரிடம் காட்டவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவருக்குக் காது சுட்டது.

"ஒரு கீறல்தான் டீச்சர். கை வழுக்கிடுச்சு. அதை எடுக்கப் போய்…"

அவள் தன் கையில் கட்டியிருந்த எஃகு வாட்ச்சைக் கழற்றினாள். அதே கருவியை எடுத்து அதன் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

"ஐயோ! என்ன பண்றீங்க?"

"இதை எடுங்கண்ணே."

அவர் சக்கரம் வரைக்கும் போனார். அதைப் போடவில்லை. வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அழுக்கு இல்லண்ணே, துடைச்சு எடுக்க" என்றாள். "பள்ளம். பள்ளம் தெரியாம இருக்கணும்னா, சுத்தி இருக்கிற நல்ல இடத்தையெல்லாம் அந்த ஆழத்துக்கு இறக்கணும்."

அவர் வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்தார். அவள் கீறலோடு கட்டிக்கொண்டாள்.

"மரைக்காயர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க டீச்சர். அவரைவிட நான் பெரியவன். எந்த முகத்தோட அவர் முன்னாடி நிப்பேன்?"

அவள் மரைக்காயரின் வாட்ச்சைத் திறந்து ரப்பர் வளையத்தை மாற்றத் தொடங்கினாள்.

நாலு மணிக்கு மரைக்காயர் வந்தார். வாட்ச்சைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"அட! மாப்பிள்ளை கணக்கா மினுங்குதே! வளையம் மட்டும்தானே மாத்தச் சொன்னேன்? யாரு கை இது?"

"துரைக்கண்ணு அண்ணன் கை" என்றாள் ஜெசிந்தா. வேறொரு வாட்ச்சின் மேல் குனிந்துகொண்டாள்.

"பலே, பலே!" என்று மரைக்காயர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டார். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் படிக்கட்டு.

"மரைக்காயரே" என்றார் துரைக்கண்ணு. "நான் அதைக் கெடுத்துட்டேன். கீறல் போட்டது நான். அதை மறைக்க விளிம்பு முழுசையும் தேய்ச்சுட்டேன். அது இனிமே பழையபடி வராது."

மரைக்காயர் சிரித்தபடியே வாட்ச்சைப் பார்த்தார். ஓரத்தில் விரலை ஓட்டினார். மறுபடி ஓட்டினார். சிரிப்பு மெல்லப் போயிற்று. வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். படியிறங்கிப் போனார்.

துரைக்கண்ணு ஆற்றாமையோடு கேட்டார்:

"சந்தோஷமாத்தானே கிளம்பினாரு, டீச்சர்? நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அப்படியே போயிருப்பாரு. நான் சொன்னதுல அவருக்கு என்ன லாபம்?"

ஜெசிந்தா குனிந்த தலை நிமிரவில்லை.

"ஒண்ணும் இல்லண்ணே. ஆனா இன்னிக்கு நீங்க தேய்க்காம விட்டது அந்த உண்மை ஒண்ணைத்தான்."