பேசாத பல்லக்கு

முன்னொரு காலத்தில் மருதங்கோட்டை என்ற நாட்டை வீரசெங்கோடன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் வந்து காதில் பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம். அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே ஆசனம் போட்டு உட்கார்ந்திருந்தவர் பரிமேல் ராயர்.

நாட்டின் வடகோடியில் காஞ்சிரைச் சீமை, வறண்ட பூமி. அதை எப்படியாவது முன்னேற்றிவிட வேண்டும் என்று ராஜாவுக்கு ஒருநாள் ஆசை வந்தது. சாலை போட ஓர் அதிகாரி, வாய்க்கால் வெட்ட ஓர் அதிகாரி, சந்தை கட்ட ஓர் அதிகாரி என்று மூவரை அனுப்பினார். மூவரையும் சேர்த்து மேய்க்கிற பொறுப்பு மந்திரி நல்லுடையாருக்கு.

ராயருக்கு அது பொறுக்குமா? ராஜாவின் காதில் ஓதினார்.

"பிரபு, அதிகாரிகள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். இன்றைக்கு வாய்க்காலைப் பற்றிப் பேசுவார்கள். நாளைக்கு உங்கள் சிம்மாசனத்தைப் பற்றிப் பேச எவ்வளவு நேரமாகும்?"

அவ்வளவுதான். மறுநாளே தண்டோரா போட்டாகிவிட்டது. அரசாங்க வேலையில் இருப்பவர்கள் வேலை நேரத்தில் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாதாம். எதுவானாலும் ராயரிடம்தான் சொல்ல வேண்டுமாம். மீறினால் சவுக்கடி.

"பேசாமல் எப்படிப் பிரபு வேலை நடக்கும்?" என்று மந்திரி மன்றாடினார்.

"வாயாலா வேலை செய்கிறார்கள்? கையால்தானே!" என்றார் ராஜா.

இப்பேர்ப்பட்ட ஞானம்! மந்திரி பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். முதல் அதிகாரி வழவழவென்று சாலை போட்டார். இரண்டாமவர் வந்து அந்தச் சாலையை நடுவில் வெட்டி வாய்க்காலைக் கொண்டுபோனார். மூன்றாமவர், பாவம், அந்த வாய்க்கால் தண்ணீர் வந்து விழுகிற பள்ளத்திலேயே சந்தையைக் கட்டிவைத்தார். தண்ணீர் திறந்த அன்றைக்குச் சந்தைக்குள் முழங்கால் ஆழம். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். பேசத்தான் தடை, அடித்துக்கொள்ளத் தடையில்லையே!

ராயரோ ராஜாவிடம் போய், "ஜனங்கள் சுத்தச் சோம்பேறிகள், பிரபு. இவ்வளவு செய்தும் சந்தைக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. சந்தை உரிமையை என் ஊருக்கு மாற்றிக் கொடுங்கள், ஜாம்ஜாமென்று நடத்திக் காட்டுகிறேன்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்று ராஜா வாயெடுக்கும் நேரம், காஞ்சிரையில் மிளகாய் விற்கும் ஒச்சம்மா சபைக்குள் வந்து நின்றாள்.

"ராசா, வண்டி சாலையில வந்தா வாய்க்கால்ல விழுது. விழாம வந்து சேந்த மொளகா சந்தையில மிதக்குது. சந்தை உரிமையும் போச்சுன்னா நாங்க புள்ளகுட்டியோட ஊரைக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதான். எங்களைச் சோம்பேறின்னு சொன்ன மகராசன் ஒரு நாள் வந்து ஏவாரம் பண்ணிப் பாக்கட்டும்!"

"எல்லாம் நடிப்பு, பிரபு" என்றார் ராயர்.

ராஜா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். மந்திரி எழுந்தார். "நேரில் பார்த்தே முடிவு செய்யுங்களேன், பிரபு. ராயரும் உங்கள் பல்லக்கிலேயே வரட்டும்."

பல்லக்குத் தூக்குகிற வேலையில் ஒரு சங்கதி உண்டு. முன்னால் தூக்குகிறவனுக்குத்தான் பாதை தெரியும். பின்னால் தூக்குகிறவனுக்குப் பல்லக்கின் முதுகுதான் தெரியும். அதனால் முன்னவன் "கல்லு!", "பள்ளம்!" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவான். பின்னவன் அதைக் கேட்டுத்தான் காலை வைப்பான்.

புறப்படும்போது மந்திரி முன்தண்டைத் தூக்கும் மூக்கனிடம் கேட்டார். "நீங்களும் அரசாங்க வேலைக்காரர்கள்தானே? உத்தரவு ஞாபகம் இருக்கிறதா?"

மூக்கன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "நல்லா இருக்கு, சாமி."

பல்லக்கு மௌனமாகப் புறப்பட்டது. மந்திரியும் ஒச்சம்மாவும் கூடவே நடந்தார்கள். ஒரு கல் வந்தது. முன்னவர்கள் தாண்டினார்கள், பின்னவர்கள் இடறினார்கள். ராஜாவின் கிரீடம் மூக்குக்கு இறங்கியது. எதிரே ராயர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் சாலையை வெட்டிய அந்த வாய்க்கால் வந்தது. முன்னவர்கள் கரையில் டக்கென்று நின்றார்கள். பின்னவர்களுக்கு என்ன தெரியும்? வந்த வேகத்தில் தள்ளினார்கள். பல்லக்கு, ராஜா, ராயர் எல்லாம் தொபுக்கடீர்!

ராஜா சேற்றிலிருந்து தலையைத் தூக்கிக் கத்தினார். "அடேய் மூக்கா! வாய்க்கால் இருக்கிறதென்று பின்னால் வருகிறவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்னடா? வாயில் என்ன கொழுக்கட்டையா?"

"அவங்கிட்டப் பேசினா சவுக்கடி, மகராசா. எதுவானாலும் ராயர்கிட்டத்தான் சொல்லணும். ராயர் தூங்கிட்டிருந்தாரு."



"ஒரு பல்லக்குக்கே இந்தக் கதி, பிரபு" என்றார் மந்திரி. "ஒரு சீமையைத் தூக்குகிறவர்களை வாயைக் கட்டித் தூக்கச் சொன்னோமே!"

ஒச்சம்மா கரையிலிருந்து கை நீட்டினாள். "எங்க வண்டி எப்படி விழுதுன்னு இப்பத் தெரிஞ்சுதா ராசா? எந்திரிங்க, கையைக் குடுங்க."

ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. உத்தரவை அங்கேயே ரத்து செய்தார். மூன்று அதிகாரிகளையும் கூப்பிட்டு, "பேசித் தொலையுங்கள்!" என்றார். அடேயப்பா, அடக்கிவைத்திருந்த பேச்செல்லாம் மடை திறந்தாற்போல் கொட்டியது! பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. வாய்க்காலுக்கு மேல் ஒரு பாலம், தண்ணீரை ஏரிக்குத் திருப்புவது, சந்தையை மேட்டுக்கு மாற்றுவது. இடத்தைக் காட்டியதே ஒச்சம்மாதான். சந்தை உரிமை காஞ்சிரைக்கே என்று ராஜா சபதம் செய்து, மேற்பார்வையை மந்திரியிடமே திருப்பிக் கொடுத்து, தன் முத்துமாலையையும் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். அதில் கொஞ்சம் சேறு ஒட்டியிருந்தது.

ராயருக்கு? திரும்பும்போது பல்லக்கின் பின்தண்டு!

தோளில் தண்டை வைத்ததும் மனுஷர், "மூக்கா, என் அப்பனே, பள்ளம் வந்தால் சொல்லிவிடு! கல் வந்தாலும் சொல்லிவிடு! மறந்துவிடாதே!" என்று கெஞ்சினார்.

பல்லக்குத் திரைக்குள்ளிருந்து ராஜாவின் குரல் வந்தது.

"வேலை நேரத்தில் என்ன பேச்சு, ராயரே?"