உலகம்மாள் ஊதிய தலையணை

குற்றால மலையடிவாரத்து மடத்தில் இருந்த சாமிக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் சீடராகச் சேர்ந்த நெல்லையப்பனுக்கு அறுபத்து மூன்று. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியவர். மடத்துக்கு வந்து ஏழு மாசம் ஆகியும் சாமி அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார்.

யாரோடும் நெல்லையப்பன் ஒட்டவில்லை. பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறார் என்று சமையல்காரர் கேலி பேசியதும் அவர் காதில் விழுந்ததுதான். கேலிக்குப் பதில் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டுமே.

ஒரு நாள் காலை, மூச்சுப் பயிற்சி பற்றிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றோடு சாமி அவர் அறைக்கு வந்தார்.

“சார், இந்த ‘எக்ஸேல்’னா என்ன?”

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மூச்ச வெளிய விடறது சாமி. உள்ள இழுக்கறது ‘இன்ஹேல்’.”

“எப்படிச் சொல்லணும்? ஒரு வாக்கியம் சொல்லுங்க.”

வகுப்பில் எந்த வினைச்சொல்லுக்கும் அவர் தன் மனைவியை வைத்துத்தான் உதாரணம் சொல்வார். உலகம்மாள் சமைக்கிறாள், உலகம்மாள் சமைத்தாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் வாயைத் திறந்தார்.

“உலகம்மாள் எக்ஸேல்ட்…”

அதற்கு மேல் வரவில்லை. சாமி புத்தகத்தை மூடிவிட்டுக் காத்திருந்தார்.

நெல்லையப்பன் பெட்டியைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த ஒரு காற்றுத் தலையணையை வெளியே எடுத்தார். ரயில் பயணத்தில் வாயால் ஊதிக்கொள்ளும் நீலத் தலையணை. பாதிக்குப் பாதி தொய்ந்திருந்தது.

“சென்னை ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ரயில்ல ஊதித் தந்தா. வைத்தியம் அவளுக்கு, ஆனா கழுத்து வலிக்குமேன்னு கவலை எனக்காக. திரும்பி வர்றப்ப நான் மட்டும்தான் வந்தேன்.”

“தலை வச்சுப் படுக்கறதில்லையா?”

“எப்படிப் படுப்பேன் சாமி? இதுக்குள்ள இருக்கறது அவ மூச்சு.”

நெல்லையப்பன் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

“தினம் கொஞ்சம் இளைக்குது. சைக்கிள் கடைக்காரன் டியூபப் பாக்கற மாதிரி, வாளிய இங்கயே கொண்டாந்து தண்ணியில அமுக்கிப் பாத்தேன். ஒரு குமிழிகூட வரல. மூடியில பசை தடவினேன், நூல் சுத்தினேன். நிக்க மாட்டேங்குது. இன்னும் கொஞ்ச நாள்ல ஒண்ணும் மிஞ்சாது. அப்புறம் எனக்குன்னு யாரு இருக்கா? இத நிறுத்த ஒரு வழி சொல்லுங்க.”

சாமி தலையணையைத் தொடவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“இத எப்பவும் இங்கதான் வச்சிருக்கீங்களா?”

“ஆமா சாமி. இந்த அறைய விட்டு வெளிய கொண்டு போனதே இல்ல.”

“ஜன்னல்?”

“திறக்கறதில்ல. வெயில் பட்டா ரப்பர் வெடிச்சுரும்.”

“கதவு?”

“சாத்தித்தான் இருக்கும்.”

“கூட யாரும் படுக்கறாங்களா?”

“யாரு வருவா? நான் ஒத்தையாத்தான் கெடக்கேன்.”

சாமி எழுந்து அவர் தோளில் கை வைத்தார்.

“அப்ப, அதுலேர்ந்து கசிஞ்ச மூச்ச ஏழு மாசமா யாரு சார் உள்ள இழுத்துக்கிட்டு இருக்கா?”